ஆசிரியர்களை உருவாக்கிய லெப்பே அடிகளார்

ஜூபிலி மலர் என்றால் பங்கின் வரலாறும், பணியாற்றிச் சென்ற குருக்களின் பெயர்ப் பட்டியலும், ஒரு புனிதரின் வாழ்க்கைச் சுருக்கமும் இருப்பது வழக்கம். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டவர் புனிதர் அல்லர். பீடத்தில் அவருக்குச் சுரூபம் இல்லை, திருநாளும் இல்லை. தம் வாழ்நாளில் தம் சொந்த மறைமாவட்டத்திலேயே சற்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு பிரெஞ்சுக் குரு அவர். ஆயினும் நம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்களை மனத்தில் வைத்தே அவரைத் தேர்ந்தெடுத்தோம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஞாயிறு வகுப்பில் காது கேளாத பிள்ளை ஒன்று வந்து உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியைக்கு மனமில்லாமல் இல்லை, அன்புக்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மற்றப் பிள்ளைகள் மந்திரம் சொல்ல, இது வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாளாவட்டத்தில் கடைசி வரிசைக்குப் போகும், பிறகு வராமலே நின்றுவிடும். குற்றம் பிள்ளையுடையது அன்று. ஆசிரியையைக் குறைகூறுவதும் நியாயமன்று. கற்பிப்பவருக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமற்போனதுதான் இதில் உள்ள குறை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குறையைக் கண்டுகொண்டு, தம் பொருளையும் காலத்தையும் அதற்கே செலவிட்டவர்தான் அருட்தந்தை சார்ல் மிஷேல் தெ லெப்பே.

பிரான்சு நாட்டின் அரச நகராகிய வெர்சாயில் 1712-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தார். தந்தை அரசருடைய கட்டடப் பணிகளைக் கவனித்தவர்; வசதியான குடும்பம். பையன் குருவாக விரும்பி இறையியல் படித்தான். பட்டம் பெறும் நேரத்தில் ஒரு தடை வந்தது. பிரெஞ்சுத் திருச்சபையை அக்காலத்தில் இரண்டாகப் பிளந்து நின்றது ஜான்சேனியத் தகராறு. அக்கொள்கையைக் கண்டித்துக் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். இளைஞர் லெப்பே இட மறுத்துவிட்டார். குருப்பட்டம் நின்றுபோயிற்று. சட்டம் படித்து வழக்கறிஞரானார். அதில் மனம் ஒட்டவில்லை. பின்னர் த்ருவா நகர ஆயர் அவரைத் தம் மறைமாவட்டத்தில் சேர்த்துக் குருவாக அபிஷேகம் செய்தார். அந்த ஆயர் இறந்தபின் பாரீசுக்குத் திரும்பியவருக்குப் பழைய சந்தேகம் மறுபடி குறுக்கே நின்றது. மற்றக் குருக்களைப் போல் பிரசங்கிக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று பேச இது இடமன்று. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு குரு, வேலை இல்லாத குருவாக நின்றார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1760-ஆம் ஆண்டையொட்டி ஒருநாள், வேறொரு காரியமாக அவர் பாரீசில் ஒரு வீட்டுக்குப் போனார். தாயார் வெளியே போயிருந்தார். இரண்டு பெண்கள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அடிகளார் பேச்சுக் கொடுத்தார், பதில் இல்லை. குரலை உயர்த்திக் கேட்டார். தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மரியாதை தெரியாத பெண்கள் போலும் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே தாயார் வந்தார், கண்ணீரோடு விஷயத்தைச் சொன்னார். இருவரும் இரட்டையர், பிறவியிலேயே காது கேளாதவர்கள். வானேன் என்ற குரு ஒருவர் படங்களைக் காட்டி அவர்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தரத் தொடங்கியிருந்தார். அவர் இறந்துபோனார். அவரோடு பாடமும் போயிற்று.

இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பின் ஆள் இல்லை. லெப்பே அடிகளாரின் வாழ்க்கை முழுவதும் இந்த ஓட்டையை அடைப்பதிலேயே கழிந்தது எனலாம்.

அன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். விசுவாசம் கேட்பதால் வருவது என்று பவுலடியார் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, காது கேளாதவருக்கு ஞானக் காரியங்கள் எட்டா என்று நம்பியவர்கள் இருந்தார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம் நாட்டிலும் ஒரு பழமொழி உண்டல்லவா? அதே எண்ணந்தான். விதிவிலக்காகச் சிலர் இல்லாமலில்லை. ஸ்பெயின் நாட்டில் பெத்ரோ போன்சே தெ லெயோன் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி 16-ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தந்தார். அடிகளார் காலத்துப் பாரீசிலேயே ஜேக்கப் பெரெய்ரா என்ற யூத ஆசிரியர், தாம் பேசக் கற்பித்த மாணவரை 1749-இல் அறிவியற் கழகத்தின் முன் நிறுத்திப் புகழ் பெற்றார். மிகுந்த திறமைசாலி. ஆனால் தம் முறையை அவர் யாருக்கும் சொல்லவில்லை. குடும்பச் சொத்தாகக் காத்து வைத்தார். 1780-இல் அவர் கண்மூடியபோது பெரும்பகுதி அவரோடே போயிற்று. எடின்பரோவில் பிரெய்ட்வுட் குடும்பத்தாரும் அப்படியே. கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பித்தார்கள். கற்பிக்கும் வகையை வெளியே விடுவதில்லை. லைப்சிக் நகரில் 1778-இல் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஹைனிக்கே, நாவில் வெவ்வேறு சுவைகளைத் தடவி உயிரெழுத்து ஒலிகளை நினைவில் பதியவைக்கும் ஒரு வித்தையை இரகசியமாகவே வைத்திருந்தார். கை வைத்தியர் சிலர் மூலிகையின் பெயரைச் சொல்லாமல் மடியில் முடிந்து வைப்பதைப் போன்றது இது.

அடிகளாரின் முறை என்ன? அவர் பேச்சிலிருந்து தொடங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஏற்கெனவே கையால் பேசிக்கொள்வதைக் கவனித்தார். சைகை மொழியைக் கண்டுபிடித்தவர் அவரே என்று சில நூல்களில் எழுதியிருக்கிறார்கள், அது சரியன்று. பாரீசின் காது கேளாதோர் அவருக்கு முன்பே தங்களுக்கென ஒரு சைகை மொழி வைத்திருந்தார்கள். பியர் தெலோஜ் என்ற காது கேளாத புத்தகம் கட்டும் தொழிலாளி 1779-இல் ஒரு நூலே எழுதி, அம்மொழிக்காக வழக்காடினார். அடிகளாரின் பெருமை வேறு. படித்த குரு ஒருவர் அந்தப் பிள்ளைகளின் முன் மாணவராக உட்கார்ந்து அவர்கள் கைகளிடம் பாடம் கேட்டார். அது அதுவரை அதிகம் நடக்காத காரியம்.

கேட்டதோடு தாமும் சேர்த்தார். பிரெஞ்சு மொழியின் இலக்கணத்தைக் கையால் காட்ட முறைச் சைகைகள் பலவற்றை வகுத்தார். கையைத் தோளுக்குப் பின்னால் எறிந்தால் இறந்த காலம். முன்னே நீட்டினால் எதிர்காலம். தொப்பியின் விளிம்பைத் தொடுவது போல் காட்டினால் ஆண்பால். பெண்களின் தலையணி காதருகே முடிவதால் காதைத் தொட்டால் பெண்பால். நமக்கு மிகவும் பிடித்தது விசுவசிக்கிறேன் என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விளக்கம். மனத்தால் ஆம் என்கிறேன், இதயத்தால் ஆம் என்கிறேன், வாயால் ஆம் என்கிறேன், ஆனால் கண்ணால் காணவில்லை என்று நான்கு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் கைவைத்துக் காட்டுவார். விசுவாசப் பிரமாணத்தை வாரந்தோறும் வாயால் சொல்லும் நம்மில் எத்தனை பேர் அந்தச் சொல்லை இப்படிப் பிரித்துப் பார்த்திருப்போம்?

ஒருநாள் பாட நேரத்தில் அந்நியர் ஒருவர் ஸ்பானிய நூல் ஒன்றைக் கொண்டுவந்து விலைக்குக் கொடுக்கப் பார்த்தார். அம்மொழி தமக்குத் தெரியாதே என்று திருப்பித்தர எண்ணியவர், தற்செயலாகத் திறந்தார். விரல்களால் எழுத்துக் காட்டும் படங்கள் உள்ளே இருந்தன. ஹுவான் பாப்லோ போனெட் 1620-இல் அச்சிட்ட நூல் அது. அதைப் படிப்பதற்காகவே அடிகளார் ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். அந்த ஒற்றைக்கை விரலெழுத்தைத் தம் பள்ளியிலும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

பள்ளி என்றால் கட்டடம் என்று எண்ண வேண்டாம். மூலேன் தெருவில் அவருடைய சொந்த வீடுதான் பள்ளி. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை ஏழு மணி முதல் நண்பகல் வரை பாடம். ஏழை, பணக்காரர் எல்லாரும் வரலாம், கட்டணம் கிடையாது. பிள்ளைகளை நகரில் விடுதிகளில் தங்கவைத்து, பலருடைய செலவைத் தாமே ஏற்றார். 1780-களில் எண்ணிக்கை எழுபதளவுக்கு வந்துவிட்டது. தந்தை விட்டுச்சென்ற சொத்தின் வருமானம் இதற்கே கரைந்தது. 1788-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், விறகுக்குச் செலவழித்தால் பிள்ளைகளுக்குக் குறையும் என்று எழுபத்தாறு வயதில் அறையில் தீ மூட்டாமல் இருந்தாராம். பிள்ளைகள் கூட்டமாக வந்து அழுது கெஞ்சிய பிறகே விறகு வாங்கினார் என்றும், அந்தப் பணத்தை அவர்களிடமிருந்து பறித்துவிட்டதாகப் பின்னால் அடிக்கடி வருந்தினார் என்றும் சொல்வார்கள்.

ஆனால் நாம் வற்புறுத்த விரும்புவது இந்தத் தியாகத்தை அன்று. தியாகம் செய்த ஆசிரியர்கள் உலகில் பலர். அடிகளார் தம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார். அதுதான் அவரைத் தனியாக நிறுத்துவது.

1770-களின் தொடக்கத்திலிருந்து அவர் பாடங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். பிள்ளைகள் அருட்சாதனங்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பிரெஞ்சு, இலத்தீன், இத்தாலியம், ஸ்பானியம் என்று பல மொழிகளில் எழுத்தால் விடை கொடுத்தார்கள். காது கேளாத குழந்தைக்கு இத்தனை மொழி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நமக்கும் முதலில் அது சற்று வேடிக்கையாகவே பட்டது. உண்மையில் அது பிள்ளைகளுக்காக மட்டும் செய்ததன்று. கூட்டத்தில் வேற்று நாட்டார் இருப்பார்கள். இம்முறை பிரெஞ்சுக்கு மட்டும் உரியது, எங்கள் மொழிக்கு ஒத்துவராது என்று அவர்கள் வெறுங்கையோடு திரும்பிவிடக்கூடாது. அவரவர் நாட்டில் ஒரு பள்ளி எழ வேண்டும். அதற்கான விதைப்பாடு அது.

1777-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, தம் சகோதரி மரி அந்துவானேத் அரசியைப் பார்க்கப் பாரீசு வந்தபோது அடிகளாரின் வகுப்பையும் பார்த்தார். வியந்துபோய் நல்ல வருமானமுள்ள பதவி ஒன்றைத் தர முன்வந்தாராம். தமக்கு வயதாகிவிட்டது, உபகாரம் செய்வதானால் பிள்ளைகளுக்குச் செய்யலாம் என்று அடிகளார் மறுத்தார். விளைவாக, ஸ்டோர்க் என்ற குரு வியன்னாவிலிருந்து வந்து அடிகளாரிடம் தங்கிப் பயின்றார். 1779-இல் வியன்னாவில் பள்ளி திறந்தது. இரஷ்யப் பேரரசி கத்தரீனின் தூதர் பரிசுப்பொருள் கொண்டுவந்தபோது, பரிசு வேண்டாம், காது கேளாத இரஷ்யப் பிள்ளை ஒன்றை அனுப்புங்கள் என்ற கருத்தில் பதில் சொன்னதாகவும் வரலாறு கூறுகிறது.

உரோமையிலிருந்து சில்வெஸ்திரி என்ற குரு வந்து கற்றுப்போய் 1784-இல் அங்கே தொடங்கினார். ஹாலந்திலிருந்து வந்த கியோ என்பவர் கத்தோலிக்கர் அல்லர், புரோட்டஸ்டாண்டு போதகர். ஜான்சேனியச் சந்தேகத்தால் தம்மையே ஓரம்கட்டிய காலத்தில், அடிகளார் பிற சபைப் போதகரைத் தம் வீட்டில் அமரவைத்துத் தமக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்தனுப்பினார். கியோ 1790-இல் குரோனிங்கனில் தொடங்கிய நிறுவனம் பெரும் புகழ் பெற்றது. போர்தோ நகரப் பேராயர் அனுப்பிய சிக்கார் என்ற குரு 1785-இல் வந்து பயின்று, மறு ஆண்டு போர்தோவில் பள்ளியை நடத்தத் தொடங்கினார்.

வர முடியாதவர்களுக்காக 1776-இல் ஒரு நூலும், நீண்ட அனுபவத்துக்குப் பின் திருத்தி 1784-இல் இன்னொரு நூலும் எழுதினார். தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் அச்சில் ஏற்றினார். ஹைனிக்கேயோடு சைகையா பேச்சா என்று கடித வாக்குவாதம் நடந்தது. ஜூரிக் நகரக் கல்விக்கழகத்தார் இருவர் கடிதங்களையும் பார்த்து 1783-இல் அடிகளார் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மறைத்து வைத்த முறையை மற்றவர் எப்படிச் சோதித்துப் பார்க்க முடியும்?

குறையே இல்லாத மனிதராக அவரைக் காட்டினால் அது உண்மையாகாது. முறைச் சைகைகள் பெரும் பாரமாயின. ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்குப் பல சைகைகள் வேண்டியிருந்தன. பிள்ளைகள் ஆசிரியர் கையைப் பார்த்துப் பிழையின்றி எழுதிவிடுவார்கள்; தாங்களாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் திணறுவார்கள். பொருள் தெரியாமல் மந்திரம் ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இது புதிதாக இராது. பிற்காலத்தில் பெபியான் போன்றவர்கள், காது கேளாதோரின் இயல்பான சைகை மொழியே போதும் என்று வாதாட, முறைச் சைகைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டன. திறந்து வைத்ததனால் வந்த நன்மை இதுவுமாகும். பின்வந்தவர்கள் தவற்றைக் கண்டு திருத்த முடிந்தது.

சொலார் வழக்கு என்ற இன்னொரு விவகாரமும் உண்டு. 1773-இல் பெரோன் நகர்ப் பாதையில் கண்டெடுக்கப்பட்ட காது கேளாத சிறுவன் ஒருவன் பின்னர் அடிகளாரிடம் வந்தான். அவன் சொலார் பிரபுவின் மகன், சொத்துக்காகக் கைவிடப்பட்டவன் என்று அடிகளார் முழுமனத்தோடு நம்பி வழக்குக்குத் துணைநின்றார். கஸோ என்ற இளைஞர் குற்றம் சாட்டப்பட்டு விலங்கிடப்பட்டுச் சிறையில் துன்புற்றார். 1781-இல் தீர்ப்பு சிறுவனுக்குச் சாதகமானது. அடிகளார் இறந்தபின் 1792-இல் அது மாற்றப்பட்டது. நல்லெண்ணமும் சில சமயம் பிறரை வருத்தும் என்பதற்கு இது சாட்சி. நாடகமாக்கியவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள்.

அரசர் பதினாறாம் லூயி 1778-இல் பள்ளியை ஆதரவில் எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். 1785-இல் செலஸ்தீனர் மடத்துக் கட்டடமும் வருமானமும் ஒதுக்கப்பட்டன. அடிகளார் அங்கே குடிபோக உயிரோடில்லை. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 23-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு நாள் முன் இறைவனடி சேர்ந்தார். மடங்களை மூடிக்கொண்டிருந்த அதே தேசிய சட்டசபை, 1791 ஜூலையில் இந்தக் குருவின் பெயரை மனித குலத்துக்கு நன்மை செய்தோர் வரிசையில் வைத்து, பள்ளியை அரசு பொறுப்பில் ஏற்றது.

இனி அவர் விட்டுச்சென்ற ஆட்களைப் பார்ப்போம். சிக்கார் பாரீசுப் பள்ளியின் தலைவரானார். போர்தோவில் அவரிடம் படித்த ழான் மாசியூ, ஆடு மேய்த்த பையன். உடன்பிறந்தோரும் காது கேளாதவர்கள். அவரே ஆசிரியரானார். 1792-இல் சிக்கார் சிறையில் தலை போகும் நிலையில் இருந்தபோது, சட்டசபைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போய் மன்றாடியவர் இந்த மாசியூ. மாசியூவிடம் படித்தவர் லோரான் கிளேர். ஒரு வயதில் அடுப்புத் தீயில் விழுந்து கேட்கும் சக்தியை இழந்தவர் என்பார்கள். அவரும் பாரீசில் ஆசிரியரானார்.

1815-இல் அமெரிக்காவிலிருந்து தாமஸ் காலாடெட் என்ற புரோட்டஸ்டாண்டு போதகர் இப்படிப்பட்ட கல்வியைக் கற்றுக்கொள்ளக் கப்பலேறினார். முதலில் போனது பிரிட்டனுக்கு. பிரெய்ட்வுட் குடும்பத்தார் ஏற்கமுடியாத நிபந்தனைகள் விதித்தார்கள். இரகசியம் காப்பதும் அவற்றில் ஒன்று. மாதக்கணக்கில் அலைந்தும் பயனில்லை. இலண்டனில் சிக்காரையும் மாசியூவையும் கிளேரையும் கண்டார். பாரீசுக்கு வா என்றார்கள். போனார், வகுப்புகளில் உட்கார்ந்தார், கட்டணம் கேட்பாரில்லை. 1816-இல் திரும்பும்போது கிளேரையே உடன் அழைத்துச் சென்றார். ஐம்பத்திரண்டு நாள் கடற்பயணத்தில் கிளேர் அவருக்குச் சைகை கற்பித்தார்; அவர் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1817 ஏப்ரல் 15-ஆம் நாள் ஹார்ட்போர்டில் பள்ளி திறந்தது. அங்கே கிளேர் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, பிற ஊர்களில் பள்ளி தொடங்க வந்த ஆசிரியர்களுக்கும் நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தினார். அமெரிக்கச் சைகை மொழியில் பிரெஞ்சுச் சைகைகள் இன்றும் காணப்படுவது இதனால்தான்.

வழியில் ஒரு பெரும் தடையும் வந்தது. 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சு ஒன்றையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தலைமை தாங்கியவர் ஜூலியோ தாரா, அவரும் ஒரு குருவே. வாக்களித்தவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். தொடர்ந்து பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். பிள்ளைகளின் கைகள் கட்டப்பட்டதும் உண்டு. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களைத் தள்ளி, அவை விளைவித்த தீங்குக்கு வருத்தமும் தெரிவித்தது.

மூலேன் தெருவில் அடிகளார் வாழ்ந்த வீடு இன்று இல்லை. பள்ளி மட்டும் 1794-இல் சேன் ழாக் தெருவுக்குப் போய், இன்றும் அங்கேயே நடக்கிறது. அவருடைய உடல் வீட்டுக்கு அருகிலிருந்த புனித ரோக் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். ஆசிரியர்களின் உதவிக்காக முதுமையில் சைகை அகராதி ஒன்றையும் அவர் தொகுத்துக்கொண்டிருந்தார். அது முடியாமலே நின்றது. கையெழுத்துப் பிரதி நூறாண்டுக்கு மேல் கழித்து 1896-இல் அச்சேறியது.